கணினியில் இருக்கும் கணக்கு பத்திரமாக இருக்கிறதா?

பக்கத்து மாவட்டத்தில் உள்ள ஓர் ஊரின் பைத்துல்மாலில், நகையை ஈடாகப் பெற்றுக்கொண்டு வட்டியில்லாக் கடன் கொடுத்து வருகிறார்கள். நல்ல காரியம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், திடீர் மருத்துவச் செலவு என்று வருபவர்கள் அடகுக் கடைப் படி ஏறாமல் இங்கே வந்து வாங்கிப் போகிறார்கள். கொண்டுவரும் நகையைச் சிறு துணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, அட்டைத் துண்டில் ஓர் எண்ணை எழுதி லாக்கரில் வைப்பார்கள். அந்த எண் யாருக்கு உரியது, எவ்வளவு கடன், எத்தனை தவணை கட்டியிருக்கிறார் என்பதெல்லாம் முன்பு பேரேட்டில் இருந்தது. கணினி வாங்கிய பிறகு பேரேட்டை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் கணினியை ஆன் செய்தபோது கறுப்புத் திரையும் ஒரு வரி ஆங்கிலமும்தான் வந்தன. ஹார்ட் டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம். நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் டேட்டாபேஸ் நிர்வாகியாக இருக்கிறேன். அந்த ஊர் எனக்கு மாமியார் ஊர் என்பதால் கூப்பிட்டனுப்பினார்கள்.

பொருளாளரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "பேக்கப் இருக்கிறதா?"

"இருக்கு தம்பி. தினமும் சாயங்காலம் டி டிரைவுல தானா விழுது. சாஃப்ட்வேர் செஞ்ச பையன் அப்படித்தான் வச்சுக் கொடுத்தான்."

டி டிரைவ் என்பது தனிப் பெட்டி அல்ல. ஒரே ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்கு சி என்றும் மற்றொன்றுக்கு டி என்றும் பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இதை நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. மேசை இழுப்பறையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதில் கோப்பும் இருந்தது. அதன் அளவு பூஜ்ஜியம். எப்போதோ காப்பி செய்யும்போது பாதியில் பிடுங்கியிருக்கிறார்கள். பெயர் மட்டும் விழுந்திருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

டிஸ்கைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். உள்ளே தட்டு கீறிவிட்டது, எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லாக்கரில் நகைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. யாருடையது எது என்பதுதான் தெரியவில்லை.

மூன்று ஜும்ஆக்களில் அறிவிப்புச் செய்து, ரசீது வைத்திருந்தவர்களை வரச் சொன்னார்கள். பெரும்பாலோர் ரசீதோடு வந்தார்கள். அலுவலகத்தின் கார்பன் பிரதியில் எண்ணும் தொகையும் இருந்தன. பெயர் எழுதும் இடம் பல தாள்களில் காலியாக இருந்தது. "கம்ப்யூட்டர்லதான் இருக்கே" என்று விட்டிருக்கிறார்கள். கடைசியில் சில பைகள் மிஞ்சின. ஒரு மூதாட்டி வந்தார். வீடு மாறியபோது ரசீது தொலைந்துவிட்டதாம். "என் சங்கிலியோட கொக்கி ஒடிஞ்சு போச்சு தம்பி, செவப்பு நூலு போட்டுக் கட்டியிருப்பேன்" என்றார். ஜமாஅத்தின் மூன்று பெரியவர்கள் முன்னிலையில் பைகளைத் திறந்தார்கள். நான்காவது பையில் சிவப்பு நூல் இருந்தது. கடனில் பாதிக்கு மேல் கட்டிவிட்டேன் என்றும் சொன்னார். அதற்குச் சிவப்பு நூல் மாதிரி ஆதாரம் எதுவும் இல்லை. அவர் சொல்லை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் எல்லோர் விஷயமும் அப்படி முடியவில்லை. கட்டியதாகச் சொன்ன இன்னொருவரின் பேச்சைச் சிலர் நம்பவில்லை. பொருளாளரே கணக்கை அழித்துவிட்டார் என்றுகூட டீக்கடையில் பேச்சு வந்தது. இருபது வருடமாகச் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்த மனிதர் அவர். அந்த ரமளானோடு பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரத்துல் பகராவின் 282-ஆவது வசனம் சொல்வது நம் எல்லோருக்கும் தெரியும். அங்கேயும் எழுதித்தான் வைத்திருந்தார்கள். எழுதியதை ஒரே இடத்தில் வைத்திருந்ததுதான் கோளாறு. நம் கடைகளிலும், மதரஸா அலுவலகத்திலும், நிக்காஹ் பதிவேட்டிலும், வீட்டு லேப்டாப்பிலும் இதே நிலை இருக்கலாம். எனவே பெரிய நிறுவனங்களில் இந்த வேலையைச் செய்பவர்கள் கடைப்பிடிக்கும் சில வழக்கங்களை நமக்கு ஏற்ற அளவில் சொல்ல விரும்புகிறேன்.

பெரிய நிறுவனங்களுக்கும் நடக்கும்

"இதெல்லாம் நம்ம மாதிரி சின்ன இடத்துல நடக்குறது, பெரிய கம்பெனியில நடக்காது" என்று நினைக்க வேண்டாம். உலகெங்கும் மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கப் பயன்படுத்தும் கிட்லேப் என்ற தளம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2017 ஜனவரி 31 இரவு அங்கே ஒரு பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களிடம் இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள் இருந்தன. ஒன்று முதன்மை; மற்றொன்று அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளும் பிரதி. பிரதி பின்தங்கிவிட்டது. அதிலுள்ள பழைய தகவலை அழித்துவிட்டுப் புதிதாக நகலெடுக்கலாம் என்று அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு விநாடியில் உறைத்தது: தான் இருந்தது பிரதியில் அல்ல, முதன்மை சர்வரில். உடனே நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தகவலில் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியது.

பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று தேடிப் போனார்கள். கதையின் முக்கியமான பகுதி இங்கேதான். தினமும் ஒரு முறை பேக்கப் எடுத்து வேறோர் இடத்தில் சேமிக்க ஏற்பாடு இருந்தது. அந்த இடத்தைத் திறந்து பார்த்தால் காலி. டேட்டாபேஸ் ஒரு புதிய பதிப்பிலும், பேக்கப் எடுக்கும் கருவி பழைய பதிப்பிலும் இருந்ததால் அது ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றால் மின்னஞ்சல் வர வேண்டும். அந்த மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் ஏற்காமல் திருப்பியிருக்கிறது. வேறு சில வழிகளும் இருந்தன. சில சரியாக அமைக்கப்படவில்லை, சில இந்தத் தேவைக்கு உதவவில்லை. பேக்கப்புக்கும் பிரதிக்கும் என்று ஐந்து வழிகள் வைத்திருந்தும் நம்பி எடுக்க ஒன்றும் இல்லை என்று அவர்களே எழுதினார்கள்.

காப்பாற்றியது ஒரு தற்செயல். அந்தப் பொறியாளரே வேறொரு சோதனைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு கைப்பட ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். அதைக் கொண்டு மறுநாள் மாலை தளத்தைத் திரும்ப எழுப்பினார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பதிவானவை போயே போய்விட்டன. சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். நடந்ததை மறைக்கவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள். பின்னர் எங்கெங்கே தவறு என்று விரிவாக எழுதி வெளியிட்டார்கள். அந்தப் பொறியாளரின் தலையில் பழியைப் போட்டு வேலையை விட்டுத் தூக்கவில்லை. ஒரு மனிதர் தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியைத் தவறாகத் தட்டினால் மொத்தமும் அழியக்கூடிய ஏற்பாட்டை வைத்திருந்தது யார் என்ற கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொண்டார்கள். நம் ஊர்க் கமிட்டிகளில் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு நல்ல பொருளாளரை இழந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பிரதி வேறு, பேக்கப் வேறு

பலர் என்னிடம் சொல்வது: "எங்க ஃபைல் எல்லாம் கூகுள் டிரைவ்ல இருக்கு, பயமில்லை." கணினியில் உள்ள ஒரு ஃபோல்டரை இணையத்தோடு இணைத்துவிட்டால், இங்கே மாற்றுவது அங்கேயும் மாறும். வசதியான ஏற்பாடு. ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தவறான தொகையை எழுதிச் சேமித்தால் அங்கேயும் தவறான தொகைதான் இருக்கும். கூகுள் டிரைவில் அழித்த கோப்பு 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதன்பின் போய்விடும். ஆண்டுக்கு ஒரு முறை ஜகாத் கணக்குக்காக மட்டும் திறக்கும் கோப்பு காணாமல் போனதை 30 நாளுக்குள் நாம் கவனிப்போமா?

ஆக, பேக்கப் என்றால் நேற்று இருந்த நிலை, போன வாரம் இருந்த நிலை, போன மாதம் இருந்த நிலை எனத் தனித்தனியாக இருக்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டு வையுங்கள். பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டிருந்தால், தவறு ஒரு நாள் கழித்துத் தெரியவரும்போது சரியான பிரதி உங்களிடம் இருக்காது.

எத்தனை பிரதி, எங்கே? இத்துறையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். தகவல் மூன்று பிரதியாக இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு வகைப் பொருள்களில் இருக்கட்டும். அதில் ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். கணினியில் ஒன்று, வெளியே செருகும் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ செயலாளர் வீட்டு பீரோவிலோ ஒன்று. ஒரு கடைக்கோ மதரஸாவுக்கோ இது போதும்.

வேறு கட்டடம் என்பதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பிடித்து ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்தது. ஏராளமான இணையதளங்கள் முடங்கின. வேறு ஊரில் பிரதி வைத்திருந்தவர்கள் சில நாளில் மீண்டார்கள். பேக்கப்பும் அங்கேயே இருந்தவர்களில் சிலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. தீ வரை போக வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள அலுவலகங்களுக்குள் தண்ணீர் புகுந்தபோது, மேசைக்கு அடியில் இருந்த கணினியும் இழுப்பறையில் இருந்த பென் டிரைவும் ஒன்றாகத்தான் நனைந்தன.

வெளி ஹார்ட் டிஸ்கைப் பிரதி எடுத்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். எப்போதும் செருகியே வைத்திருப்பது பெரிய தவறு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணப்பறி வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. இத்தகைய வைரஸ் நுழைந்தால் கணினியில் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டும். கழற்றி அலமாரியில் வைத்த டிஸ்கை அதனால் தொட முடியாது. இன்னொன்று: அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். "அப்டேட் வருது, லேட்டாகுது" என்று தள்ளிப்போடுகிறோமே, அதை இரவில் கடை மூடும்போது ஓடவிட்டுப் போகலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கணக்கு வைத்திருக்கும் கணினி அதில் ஓடுகிறதென்றால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எப்படி எடுப்பது?

சாதாரண எக்செல் கோப்பு என்றால், மூடிவிட்டுக் காப்பி செய்தால் போதும். டேட்டாபேஸ் வைத்து ஓடும் மென்பொருள் என்றால் சற்றுக் கவனம் வேண்டும்.

டேட்டாபேஸ் என்பது ஒரே பேரேடு அல்ல. ஒன்றையொன்று சுட்டும் பல பேரேடுகள். உறுப்பினர் பெயர் ஒன்றில், கடன் ஒன்றில், தவணை ஒன்றில் இருக்கும். எண்ணை வைத்து ஒன்றோடொன்று சேர்த்துக்கொள்ளும். ஒருவர் தவணை கட்டும்போது இரண்டு மூன்று பேரேடுகளில் அடுத்தடுத்து எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் அந்தக் கோப்புகளைப் பிடித்துக் காப்பி செய்தால், தவணைப் பேரேட்டில் புதிய நிலையும் கடன் பேரேட்டில் பழைய நிலையும் உங்கள் பிரதியில் விழும். அது திறக்காமலே போகலாம். திறந்து தவறான கணக்கைக் காட்டினால் இன்னும் மோசம். எனவே மென்பொருளில் பேக்கப் என்று தனியாக உள்ள வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். டேலி பிரைம் வைத்திருப்பவர்களுக்கு மேலே டேட்டா என்ற பகுதியில் பேக்கப்பும் ரீஸ்டோரும் இருக்கின்றன. ஊர்ப் பிள்ளை யாராவது எழுதிக் கொடுத்த மென்பொருள் என்றால், "பேக்கப் பட்டன் எங்கே, திரும்ப எடுக்கும் பட்டன் எங்கே" என்று இரண்டையும் கேளுங்கள். முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

அந்த இரண்டாவது பட்டனைத்தான் யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை. கிட்லேபில் நடந்ததும் அதுதான், நான் பார்த்த பைத்துல்மாலில் நடந்ததும் அதுதான். என் அலுவலகத்தில் எடுத்த பேக்கப்பை மாதம் ஒரு முறை வேறொரு சர்வரில் போட்டு, முழுதாக எழும்புகிறதா, கடைசிப் பதிவு எந்தத் தேதி, மொத்த எண்ணிக்கை சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். அதுவரை அதை நாங்கள் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது செய்யுங்கள். ஜமாஅத் அலுவலகத்துக்கு ஷஅபான் மாதம் வசதி. ரமளானில் ஜகாத், பித்ரா வேலைகள் குவிவதற்கு முன்பு முடிந்துவிடும். வேறொரு கணினியில் அந்த மென்பொருளைப் போட்டு, பேக்கப்பிலிருந்து திரும்ப எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே திரும்ப எடுத்துச் சோதிக்கக் கூடாது. இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு உட்கார்ந்துவிடும். பிறகு ஐந்து பெயர்களைத் தேடிப் பாருங்கள். அவர்களின் பாக்கித் தொகையை ரசீதோடு ஒப்பிடுங்கள். அரை நாள் வேலை. அன்றைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்து வையுங்கள். உண்மையாகவே கணினி போகும் நாளில், "எப்ப சரியாகும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல அது உதவும்.

மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்கு

நம் பிள்ளைகள் பலர் கணினி அறிவியல் படிக்கிறார்கள். பள்ளிவாசலுக்கும் அறக்கட்டளைக்கும் சேவையாக மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

டேட்டாபேஸில் நேரடியாகக் கை வைக்கும் நாள் ஒன்று வரும். "இந்த ஒருத்தரோட தவணையை மட்டும் கட்டியாச்சுன்னு மாத்திடு தம்பி" என்பார்கள். அப்டேட் கட்டளையை எழுதி, யாருடைய வரிசை என்று சொல்லும் 'வேர்' பகுதியை மறந்து என்டரைத் தட்டினால், ஊரில் உள்ள அத்தனை பேரும் கடன் கட்டியவர்கள் ஆகிவிடுவார்கள். எந்த எச்சரிக்கையும் வராது. இத்துறையில் பத்து வருடம் இருந்தவர்களில் இதைச் செய்யாதவர்கள் குறைவு; நானும் செய்திருக்கிறேன். முதலில் அதே நிபந்தனையோடு செலக்ட் கட்டளை கொடுத்து, எத்தனை வரிசை வருகிறது என்று பாருங்கள். ஒன்று வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வருகிறதா? அதன்பின் டிரான்சாக்ஷனைத் தொடங்கி மாற்றுங்கள். மாறிய எண்ணிக்கை சரியென்றால் கமிட், இல்லையென்றால் ரோல்பேக். அதற்கும் முன்பு ஒரு பேக்கப்.

புதிய வசதி எதையும் உண்மையான கணக்கின் மேல் சோதிக்காதீர்கள். தனியாக ஒரு சோதனைப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் திரையும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு நாள் குழப்பம் வரும். சோதனைத் திரைக்கு வேறு நிறம் கொடுங்கள். மேலே பெரிதாக 'சோதனை' என்று எழுதுங்கள். நிரலை கிட்டில் வையுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் உண்மையானது' என்று ஃபோல்டர் வைப்பது உங்களுக்கே ஆறு மாதத்தில் புரியாது. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் என்ன மாறியது என்று கிட் காட்டும். நேற்றைய நிலைக்குத் திரும்பவும் விடும்.

பதிவை அழிக்கும் பட்டனே வைக்க வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. தவறாகப் பதிந்ததை 'ரத்து' என்று குறித்து, யார், எப்போது குறித்தார் என்று எழுதி வைத்தால் போதும். பழைய பேரேட்டில் தவறைச் சிவப்பு மையில் கோடிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அந்த வழக்கத்தைக் கணினி வந்ததும் நாம் விட்டுவிட்டோம்.

ஒருவர் மட்டுமே அறிந்திருந்தால்

நான் பார்த்த அந்த ஊரில் மென்பொருள் எழுதிய பையன் துபாய்க்குப் போய்விட்டான். நிரல் அவனுடைய பழைய லேப்டாப்பில் இருந்தது. அந்த லேப்டாப்பை விற்றுவிட்டான். பாஸ்வேர்டு அவன் நினைவில் இருந்தது, பாதி. அவனைக் குறை சொல்வதற்கில்லை. யாரும் கேட்டு வாங்கி வைக்கவில்லை.

சேவையாகச் செய்து கொடுத்தாலும், காசு கொடுத்துச் செய்தாலும், முடிந்த அன்றே நிறுவனம் வாங்கி வைக்க வேண்டியவை இருக்கின்றன. மென்பொருளின் மூல நிரல் முழுவதும்; டேட்டாபேஸின் நிர்வாகி பாஸ்வேர்டு; மென்பொருளை வேறு கணினியில் எப்படி நிறுவுவது என்று ஒரு பக்கத்தில் எழுதிய குறிப்பு. இணையதளம் இருந்தால் அதன் பெயர் எவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு தனி நபரின் பெயரில் இருந்தால், அவர் புதுப்பிக்க மறக்கும் நாளில் தளம் போய்விடும். அறக்கட்டளைக்கென்று ஒரு மின்னஞ்சல் தொடங்கி அதற்கு மாற்றுங்கள். இவற்றையெல்லாம் ஒரு உறையில் போட்டு, ஒட்டி, மேலே இருவர் கையெழுத்திட்டு, அலுவலகக் கணினி இல்லாத இடத்தில் வையுங்கள். நிர்வாகம் மாறும்போது பழைய பாஸ்வேர்டுகளை மாற்றி, உறையையும் புதுப்பிக்க வேண்டும்.

அன்றாடம் பதிவு செய்பவருக்கு நிர்வாகி பாஸ்வேர்டு தேவையில்லை. அவருக்குப் பதியவும் பார்க்கவும் மட்டும் அனுமதி போதும். இது அவர் மேல் சந்தேகம் என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. நாளை கணக்கில் வித்தியாசம் வந்தால், "இதை மாற்றும் அதிகாரமே எனக்கு இல்லை" என்று அவரால் சொல்ல முடியும். அது அவருக்குத்தான் பாதுகாப்பு.

உதவி பெறுவோரின் பெயர், ஆதார் எண், நோய் விவரம், வங்கிக் கணக்கு என எல்லாம் அந்தக் கணினியில் இருக்கின்றன. பேக்கப் எடுத்த டிஸ்க் பஸ்ஸில் தொலைந்தால் அவையும் தெருவுக்கு வந்துவிடும். எனவே வெளியே போகும் பிரதியைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி எடுங்கள். அந்தப் பாஸ்வேர்டும் உறைக்குள் போகட்டும். பயனாளிகள் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், உதவி வாங்கிய ஒரு குடும்பத்தின் பெயர் இருநூறு பேர் கைப்பேசியில் சுற்றுவது அவர்களுக்கு எப்படி இருக்கும்?

வீட்டுக்கும் இதே கணக்குத்தான். பிள்ளைகளின் நிழற்படங்கள், நிலப் பத்திரத்தின் ஸ்கேன், வாப்பாவின் குரல் பதிந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாம் ஒரே கைப்பேசியில் இருக்கின்றன. கைப்பேசி கிணற்றில் விழுந்த பிறகு கடைக்கு ஓடுவதைவிட, பெருநாள் விடுமுறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு டிஸ்கில் இறக்கி வைக்கலாம்.

அந்த பைத்துல்மாலில் இப்போது புதிய பொருளாளர் இருக்கிறார். மென்பொருளையும் மாற்றிவிட்டார்கள், பேக்கப் மூன்று இடத்துக்குப் போகிறது. மாதத்தின் கடைசி நாளில் கடன் பட்டியல் முழுவதையும் காகிதத்தில் அச்செடுத்து, செயலாளரும் பொருளாளரும் கையெழுத்திட்டு லாக்கரில் வைக்கிறார்கள். துணிப்பைகளைக் கட்டும் முறையும் மாறியிருக்கிறது. வெளியே அட்டையில் எண் மட்டும்தான் இருக்கும். உள்ளே நகையோடு, கடன் வாங்கியவரின் பெயரும் தகப்பனார் பெயரும் தெருப்பெயரும் எழுதிய ஒரு சீட்டை மடித்துப் போடுகிறார்கள்.